ஏழாவது ஆள் திரும்பி வந்த வாரம்

பாதியில் நிறுத்தப்பட்ட டிவி தொடர் என்று எல்லாரும் புலம்பிய ஒன்றை, அழகாக முடிந்த தொடர் என்று சொல்லிக்கொண்டிருந்த ஒரே ஆள் என் அக்கா. யார் மறுத்தாலும் கோபப்பட மாட்டாள். "உங்களுக்குப் புரியல, விடுங்க" என்று சிரித்துவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவாள்.

அக்கா மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கிறவள். கட்டடத்தின் பின்பக்கம், ஜெனரேட்டர் அறைக்குப் பக்கத்தில், ஜன்னல் இல்லாத ஓர் அறை. அதற்குள் இன்னும் இருட்டாக ஒரு சின்ன அறை, படம் கழுவுவதற்கு. "செயினைக் கழட்டுங்க. நேரா நில்லுங்க. மூச்சை இழுங்க, அப்படியே பிடிங்க, அசையாதீங்க... ம், விடுங்க." காலையிலிருந்து சாயங்காலம் வரை இதே பாட்டுத்தான். வீட்டுக்கு வந்தாலும் அந்தத் தோரணை போகாது. அவள் சமையலறைக்குள் நான் நுழைந்தால், "அசையாத, பின்னாடி கொதிக்கிற தண்ணி" என்பாள். நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். குணமாகிப் போகிறவர்கள் டாக்டரிடம் சொல்லிக்கொண்டு போவார்கள், நர்ஸிடம் சொல்லிக்கொண்டு போவார்கள். எக்ஸ்ரே அறைப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். "அவங்க எலும்பு வரைக்கும் நான் பாத்தாச்சு, என் மூஞ்சியை ஒருத்தரும் பாக்கலடி" என்று அக்கா சொல்வாள். குறையாகச் சொல்ல மாட்டாள், வேடிக்கையாகத்தான் சொல்வாள்.

அவளுக்கு 'அந்தரத்தில் ஏழு பேர்' பிடித்துப்போனதற்குக் காரணம் அதுதான் என்று நினைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் வந்த விண்வெளித் தொடர் அது. எந்த நாட்டிலோ எடுத்ததை நம் மொழியில் குரல் கொடுத்துப் போட்டார்கள். விண்வெளித் தொடர் என்றால் உலகத்தைக் காப்பாற்றுவார்கள், சண்டை போடுவார்கள், பச்சை நிறத்தில் ஒருவன் வருவான். இதில் அதெல்லாம் ஒன்றும் கிடையாது. விண்வெளிப் பாதையில் அங்கங்கே வழிகாட்டும் விளக்குகள் மிதக்கும். அவை பழுதானால் சரிசெய்வதுதான் இந்த ஏழு பேருக்கும் வேலை. பெரிய பெரிய கப்பல்கள் அந்த விளக்கைப் பார்த்து வழி கண்டுபிடித்துப் போகும். விளக்கைப் போட்டவர்களுக்கு ஒரு வணக்கம்கூடச் சொல்லாது. வேலை முடிந்ததும் ஏழு பேரும் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். தண்ணீரைக் காலி செய்தது யார் என்று சண்டை போடுவார்கள். வாரத்துக்கு ஒரு விளக்கு, ஒரு சண்டை, ஒரு சாப்பாடு. "இவங்கதான்டி நெஜமா விண்வெளிக்குப் போறவங்க. மத்தவங்கல்லாம் ஊர்வலம் போறாங்க" என்பாள் அக்கா.

எனக்கு அதைக் கண்ணெடுத்துப் பார்க்கப் பிடிக்காது. நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். காற்றே இல்லாத இடத்தில் கேப்டனின் தலைமுடி பறந்தால் எனக்குப் பொறுக்காது. கேப்டனுக்குக் குரல் கொடுத்தவர் வேறு, கேப்டன் வாயை மூடின பிறகும் பேசிக்கொண்டே இருப்பார். கப்பலை ஓட்டுகிற இயந்திரத்தில் பாதி, பாத்திரம் கவிழ்த்து வைக்கிற ஸ்டாண்டு. அதைக் கண்டுபிடித்தது நான் இல்லை, அக்கா மகள். "சித்தி, அங்க பாருங்க, நம்ம வீட்டு ஸ்டாண்டு! பெயின்ட் அடிச்சு வச்சிருக்காங்க!" என்று கத்தினாள். வேறு யாராக இருந்தாலும் அதோடு தொடரை விட்டிருப்பார்கள். இவள் மறுநாளே வீட்டு ஸ்டாண்டுக்கும் வெள்ளிப் பெயின்ட் அடித்தாள். ரொம்ப நாள் வரைக்கும் அக்கா வீட்டுத் தட்டில் சோறு போட்டால் பெயின்ட் வாசனை வந்தது.

அக்காவுக்கு அவள் ஒரே பெண். அப்போது பதினாலு வயது. வீட்டில் அவளுக்கு 'ரேடியோ' என்று பெயர். கண் விழித்ததும் ஆரம்பித்தால் தூங்கும்வரை நிறுத்த மாட்டாள். பல் தேய்க்கும்போதும் நுரையோடு பேசுவாள். அத்தான் தண்ணீர் ஏற்றும் நிலையத்தில் மோட்டார் பார்க்கிறவர். நாளெல்லாம் அந்தச் சத்தத்தில் இருந்துவிட்டு வந்து, "மோட்டாரையாவது அணைச்சு வைக்கலாம், இவளுக்கு சுவிட்ச் எங்க இருக்குன்னே தெரியல" என்பார். சொல்லிவிட்டு அவளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்வார். ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் ஒரே பெஞ்சில் நெருக்கிக்கொண்டு அந்தத் தொடரைப் பார்ப்பார்கள். கப்பலின் மெக்கானிக் ஒரு பெண். கை நிறைய எண்ணெய்க் கறை, வாய் நிறையப் பேச்சு. ரேடியோ அவள் மேல் உயிரையே வைத்திருந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த மெக்கானிக் செத்துப்போனாள். விளக்கைச் சரிசெய்ய வெளியே போனவளின் கயிறு அறுந்துவிட்டது. கப்பலைத் திருப்ப வழியில்லை. மேசையைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்திருக்க, ஒலிபெருக்கியில் அவள் பேசிக்கொண்டே விலகிப் போகிறாள். எந்தக் குழாயில் கசிவு இருக்கிறது, எந்தத் திருகாணியை இறுக்க வேண்டும், என் டம்ளரை எவனும் எடுக்கக் கூடாது. குரல் தேய்ந்து தேய்ந்து நின்றது. அன்று நானும் அங்கே இருந்தேன். பாத்திர ஸ்டாண்டில் ஓடுகிற கப்பல் என்று தெரிந்தும் நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். ரேடியோ சாப்பாடு முடிகிறவரை ஒரு வார்த்தை பேசவில்லை. "அப்பாடா, சுவிட்ச் கெடச்சிருச்சு" என்று அத்தான் சொன்னதற்கும் அவள் சிரிக்கவில்லை.

அந்த வாரத்திலேயே ரேடியோவும் செத்துப்போனாள். டியூஷன் விட்டு சைக்கிளில் வந்தவளை ஒரு வேன் இடித்துவிட்டது. அவளைத் தூக்கிக்கொண்டு போனது அக்கா வேலை பார்க்கும் மருத்துவமனைக்குத்தான். அன்று டியூட்டியில் அக்காதான் இருந்தாள். இதற்கு மேல் அதைப் பற்றி நான் எழுதப்போவதில்லை.

அடுத்த ஞாயிறு வீடு முழுக்கச் சொந்தக்காரர்கள். அக்கா அழவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அழவில்லையே என்று எல்லாருக்கும் முதலில் கவலையாக இருந்தது. நேரம் ஆக ஆக அந்தக் கவலை வம்பாக மாறிக்கொண்டிருந்தது. சாயங்காலம் அக்கா திடீரென்று எழுந்தாள். டிவிக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த ஒன்றுவிட்ட பெரியம்மாவிடம், "கொஞ்சம் தள்ளிக்கங்க" என்றாள். டிவியைப் போட்டாள்.

"என்னடி இது? பொண்ணை வாரிக் குடுத்துட்டு டிவி பாக்கறாளே, இவளுக்கு என்ன நெஞ்சு!" என்றார் பெரியம்மா.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். "அவ பாக்கட்டும். உங்களுக்கு வேணாம்னா எழுந்து வெளிய போங்க" என்றேன். அந்தப் பேச்சுக்காகப் பெரியம்மா இன்றுவரை என் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. எனக்கு அதில் ஒரு நஷ்டமும் இல்லை.

தொடரின் இசை வந்தது. கப்பல் வந்தது. மேசை வந்தது. மேசையில் ஏழு பேர். போன வாரம் அந்தரத்தில் போனவள் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். வாய் ஓயாமல் பேசிக்கொண்டும் இருந்தாள். எங்கே போனாய், எப்படி வந்தாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. "உப்பை இந்தப் பக்கம் தள்ளு" என்றார் கேப்டன். அவள் தள்ளினாள். அவ்வளவுதான். அந்த வாரத்து விளக்கைச் சரிசெய்தார்கள், தண்ணீருக்குச் சண்டை போட்டார்கள், முடிந்தது.

அக்கா டிவியை அணைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "சாப்பிட எதாவது இருக்கா?" என்று கேட்டாள். மகள் போனதிலிருந்து அவள் வாயில் ஒரு பருக்கை போயிருக்கவில்லை. நான் ஓடிப்போய்த் தட்டில் போட்டுக்கொண்டு வந்தேன். எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, தட்டைக் காலி செய்தாள்.

அதற்கடுத்த ஞாயிறு அந்த நேரத்தில் பாட்டுப் போட்டி வந்தது. தொடரை நிறுத்திவிட்டார்கள். பார்க்க ஆளில்லையாம்.

ஆகவே அக்காவுக்குக் கிடைத்த கடைசிக் காட்சி அதுதான். போனவள் வந்துவிட்டாள், யாரும் எதுவும் கேட்கவில்லை, மேசையில் ஏழு பேர். "தலைப்பே ஏழு பேர்தானேடி, ஆறு பேரோட விட்டுருவாங்களா?" என்பாள். அதைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தாள், குளித்தாள், வேலைக்குப் போனாள். அவளுடைய நடத்தையிலும் அது ஏறிவிட்டது. எக்ஸ்ரே அறையில் உதவிக்கு இருந்த ஆயா ஒருமுறை சொல்லாமல் கொள்ளாமல் காணாமல் போய், பல மாதம் கழித்து வந்து நின்றாள். மருத்துவமனையே அவளை நிற்க வைத்துக் கேள்வி கேட்டது. அக்கா மட்டும், "ஏப்ரனைப் போடு, அடுத்த ஆளைக் கூப்பிடு" என்றாளாம். என்னிடம் சொன்னாள்: "வந்தவங்களை எங்க போனேன்னு கேக்கக் கூடாதுடி. வந்ததே பெருசு."

அவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். மகள் வரமாட்டாள் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் செத்துப்போனாள் என்ற சொல் அவள் வாயிலிருந்து வந்ததே இல்லை. நாம் சொன்னால் எழுந்து வேறு அறைக்குப் போய்விடுவாள். பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் பேச்சுவாக்கில், "பிள்ளைங்க எத்தனை?" என்று கேட்பார்கள். "ஒரு பொண்ணு" என்பாள். "என்ன பண்றா?" "வெளிய போயிருக்கா." நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

அத்தான் நிலைமைதான் பரிதாபம். அவர் ஒருமுறை என்னிடம் சொன்னார்: "மோட்டார் ரூம்ல போய் அழுவேன்மா. அங்க கத்தினாலும் யாருக்கும் கேக்காது. வீட்டுல அழுதா உங்க அக்கா எழுந்து போயிடறா. அவளும் நானும் உக்காந்து ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, வாய் விட்டு அழுதுட்டோம்னா போதும். நான் பெத்தவளுக்காக அவளைப் பெத்தவகூட சேந்து அழ முடியல." அவர் கேட்பதும் நியாயம். அந்தக் கடைசிக் காட்சியை யாராவது பிடுங்கிவிட்டால் அக்கா என்ன ஆவாள் என்ற என் பயமும் நியாயம். இரண்டு நியாயத்துக்கும் நடுவில் நான் திருதிருவென்று விழித்துக்கொண்டிருந்தேன்.

வருஷங்கள் போயின. தோள்வலி என்று ஒருவர் எக்ஸ்ரேக்கு வந்தார். சட்டையில் ஒரு இரும்பு பேட்ஜ். அதில் ஒரு விளக்கும் சுற்றி ஏழு புள்ளிகளும். "அதைக் கழட்டுங்க" என்று சொன்ன அக்கா, கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "ஏழு பேரா?" என்று கேட்டாள். வந்தவர் தோள்வலியை மறந்துவிட்டார். வெளியே வரிசையில் நின்றவர்கள் கதவைத் தட்டுகிறவரை இரண்டு பேரும் பேசினார்களாம். அவர் நாலு நிறுத்தம் தள்ளிச் சலூன் வைத்திருக்கிறவர். அந்தத் தொடரின் ரசிகர்கள் கொஞ்சம் பேர் மாதத்தில் ஒரு ஞாயிறு மத்தியானம், ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, அவர் கடையில் கூடுவார்கள். அக்காவும் போக ஆரம்பித்தாள். துணைக்கு நானும் போனேன்.

எனக்கு அந்தத் தொடர் பிடித்துப்போனது அங்கேதான். டிவியில் பார்த்தபோது இல்லை, இவர்கள் பேசிக் கேட்டபோது. வளர்ந்த ஆட்கள், தொப்பை விழுந்த ஆட்கள், "உப்பை இந்தப் பக்கம் தள்ளு" என்று சொல்லித்தான் ஒருவருக்கொருவர் வணக்கம் வைப்பார்கள். மருந்துக்கடைக்காரர் ஒருவர் கேப்டன் மாதிரியே பேசுவார். பாதியில் வாயை மூடிக்கொள்வார், மிச்சப் பேச்சை மேசைக்கு அடியிலிருந்து இன்னொருவர் பேசி முடிப்பார். விழுந்து விழுந்து சிரிப்போம். பிறகு யாராவது, "இன்னும் ஒரு பத்து வாரம் ஓட விட்டிருக்கலாம், பாவிங்க" என்பார்கள். எல்லாருடைய முகமும் வாடிவிடும். சொந்தக்காரர் யாரோ தவறிப்போன மாதிரி பேசிக்கொள்வார்கள். உலகத்தில் நின்றுபோன எத்தனையோ இருக்க, இதற்காக இவ்வளவு துக்கமா என்று முதலில் நினைத்தேன். அப்புறம் அந்தக் கண்ணாடிகளில் அவர்கள் முகங்களைப் பார்த்தபோது, ஒவ்வொருவருக்கும் அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் யாரோ பக்கத்தில் உட்கார்ந்திருந்திருக்கிறார்கள் என்று பட்டது. கேட்டுப் பார்க்கவில்லை.

அவர்களுடைய தீராத வழக்கு ஒன்றுதான்: மெக்கானிக் எப்படித் திரும்பி வந்தாள்? காலம் பின்னால் ஓடியிருக்கிறது என்பார் சலூன்காரர். கப்பல் டாக்டர் அவளை மாதிரியே இன்னொருத்தியைச் செய்துவிட்டார் என்பார் மருந்துக்கடைக்காரர். அதற்கு ஆதாரமும் வைத்திருந்தார். சாகும்போது அவளுக்குக் கிராப்பு வெட்டியிருந்தது. திரும்பி வந்தவளுக்கு முடி நீளமாக இருந்தது! சரிபார்க்க வழியில்லை. எடுத்த கம்பெனியே மூடிவிட்டது. படச்சுருள்கள் என்ன ஆயின என்று யாருக்கும் தெரியாது. இணையத்தில் கிடைத்ததெல்லாம் துண்டு துண்டாகச் சில காட்சிகள். அந்த மர்மத்தை அவிழ்ப்பதற்குள் நிறுத்திவிட்டார்களே என்பதுதான் அவர்களுக்கு ஆறாத வருத்தம். அக்கா டீயைக் குடித்துக்கொண்டே, "அவிழ்க்க என்ன இருக்கு? வந்துட்டா, அவ்வளவுதான்" என்பாள். அவளுக்கு அங்கே 'முடிவு அக்கா' என்று பெயர் வைத்திருந்தார்கள்.

சலூன்காரர் சும்மா இருக்கவில்லை. எப்படியோ விசாரித்து, அந்தக் காலத்தில் தொலைக்காட்சி நிலையத்தில் டேப் போட்டுக்கொண்டிருந்த ஒருவரைக் கண்டுபிடித்துவிட்டார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், முழங்கால் வலிக்காரர். அவரை ஆட்டோவில் அழைத்து வந்து சுழல் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். கழுத்தில் துணி கட்டாததுதான் பாக்கி. எல்லாரும் சுற்றி நின்றுகொண்டார்கள். அக்கா சுவரோரப் பெஞ்சில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஐயா, நீங்கதான் சொல்லணும்" என்று சலூன்காரர் ஆரம்பித்தார். "அந்த மெக்கானிக் பொண்ணு செத்துப் போச்சு. அடுத்த வாரம் உயிரோட வந்து சாப்பிட்டுக்கிட்டு இருக்கு. எப்படி வந்துச்சு? அதுக்கப்புறம் வந்த கதையில என்ன சொல்லியிருந்தாங்க?"

டேப்காரர் டீயை ஊதிக்கொண்டே யோசித்தார். "கடைசியா போட்டதைச் சொல்றீங்களா? அது முன்னாடி எபிசோடு சார். ரெண்டு மூணு வாரம் முன்னாடியே வந்திருக்க வேண்டியது. அன்னிக்கு மேட்ச் இழுத்துக்கிட்டே போச்சு, போட முடியல. டேப் மிச்சமாக் கெடந்துச்சு. தொடரை நிறுத்தச் சொல்லிட்டாங்க, பாட்டுப் போட்டி ஆரம்பிக்க ஒரு வாரம் இருந்துச்சு. எதையாவது போடணுமே, அதைத் தூக்கிப் போட்டேன்."

சலூன்காரர் கையிலிருந்த டீ டம்ளரைக் கீழே வைத்தார்.

"முடி நீளமா இருந்துச்சே?" என்றார் மருந்துக்கடைக்காரர், கடைசி நம்பிக்கையாக.

"வெட்டிக்கறதுக்கு முன்னாடி நீளமாத்தானே சார் இருக்கும்? சலூன்ல உக்காந்துகிட்டு என்னைக் கேக்கறீங்க."

சலூன்காரர்தான் முதலில் சிரித்தார். தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். மருந்துக்கடைக்காரர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். இத்தனை வருஷத்துச் சண்டையும் ஒரு மேட்ச் செய்த வேலை! எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆறு எப்படி ஏழானது என்று மண்டையை உடைத்துக்கொண்டவள் நான். முதலில் ஏழு, அப்புறம் ஆறு, ஒன்றாம் வகுப்புக் கணக்கு. சிரித்துக்கொண்டே திரும்பியவள் பெஞ்சைப் பார்த்தேன். என் சிரிப்பு அப்படியே நின்றது.

அக்கா எழுந்து நாற்காலிக்குப் பக்கத்தில் வந்தாள். "அப்ப கடைசி எபிசோடு எதுங்க?" என்று கேட்டாள். ரொம்ப மரியாதையாகக் கேட்டாள்.

"அந்தப் பொண்ணு கயிறு அறுந்து போச்சே, அதாம்மா. எங்களுக்கு வந்ததே அதுவரைக்கும்தான்."

"அப்ப அவ திரும்பி வரல."

"யாரு, அந்தப் பொண்ணா?" டேப்காரர் அவளை நிமிர்ந்து பார்த்தார். பாவம், அவருக்கு என்ன தெரியும்? "எப்படிம்மா வரும்? அதான் போயிருச்சே."

சலூன்காரருக்குச் சட்டென்று உறைத்தது. "அக்கா, டிவிகாரங்க எந்த வரிசையில போட்டா என்ன, நாம பாத்ததுதான் நமக்கு..." என்று ஏதோ சொல்ல வந்தார். அக்கா அவர் கையைத் தட்டிக்கொடுத்தாள். "டீ நல்லா இருந்துச்சு தம்பி. நான் வரேன்" என்று பாதி ஷட்டருக்குக் கீழே குனிந்து வெளியே போனாள். நான் பின்னாலேயே ஓடினேன்.

பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. நான் டிக்கெட் வாங்கினேன். எதைச் சொன்னாலும் தப்பாகிவிடும் என்று பயமாக இருந்தது. கொஞ்ச தூரம் போன பிறகு அவளாகவே பேசினாள்.

"ஒரு ஞாயித்துக்கிழமை மேட்ச்சைத் திட்டிக்கிட்டு சோறு திங்காம படுத்தாளே, ஞாபகம் இருக்கா?"

எனக்கு ஞாபகம் வந்தது. ரேடியோ தலையணையைக் குத்திக்கொண்டு அழுதாள். மட்டையையும் பந்தையும் கண்டுபிடித்தவன் உருப்படவே மாட்டான் என்று சாபம் விட்டாள்.

"அவ பாக்காம விட்டது அதுதான்டி. அவ பாக்க வேண்டியதை நான் உக்காந்து பாத்திருக்கேன்." கம்பியைப் பிடித்திருந்த கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அவங்க ஏன் ஒண்ணுமே கேக்கலைன்னு இப்பத்தான் தெரியுது. கேக்கறதுக்கு என்ன இருக்கு? அவ இன்னும் எங்கயும் போகலையே."

நான் அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன். அவள் அழவில்லை. மருத்துவமனை நிறுத்தம் வந்தது, போனது. இவள் இன்று என்ன செய்துகொள்வாளோ, அத்தான் வீட்டில் இருக்க வேண்டுமே என்று வேண்டிக்கொண்டே வந்தேன்.

அத்தான் இருந்தார். குழாயைப் பிரித்துப் போட்டு வாஷர் மாற்றிக்கொண்டிருந்தார். தரையெல்லாம் ஈரம். "என்ன, இன்னிக்குக் கூட்டம் சீக்கிரம் முடிஞ்சிருச்சா?" என்று தலையைத் தூக்காமல் கேட்டார்.

அக்கா செருப்போடு அந்த ஈரத்தில் போய் நின்றாள்.

"ஏங்க," என்றாள். "நம்ம பொண்ணு செத்துப் போயிட்டாங்க."

யாரோ வந்து சொன்ன செய்தியை ஓடி வந்து புருஷனிடம் சொல்கிறவள் மாதிரி சொன்னாள். அத்தானும் அந்த நிமிஷம்தான் கேள்விப்படுகிறவர் மாதிரி எழுந்தார். கையிலிருந்த ஸ்பேனர் விழுந்தது. "எப்பம்மா?" என்று கேட்டுவிட்டார். கேட்டது தப்பு என்று அவருக்கே தெரிந்து, வாயைப் பொத்திக்கொண்டார். அக்கா அவர் கையை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "சைக்கிள்ல வந்தாங்க, வேன்காரன் இடிச்சுட்டான், நான்தான் படம் எடுத்தேன்" என்றாள். அதற்கு மேல் அவளால் நிற்க முடியவில்லை. இரண்டு பேரும் தண்ணீரிலேயே உட்கார்ந்து, ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு, வாய் விட்டு, தெருவுக்கே கேட்கும்படி அழுதார்கள். மகள் போன அன்று அழ வேண்டிய அழுகை அது. பக்கத்து வீட்டம்மா பதறிக்கொண்டு ஓடி வந்து, "என்னாச்சு, யாரு போயிட்டாங்க?" என்று கேட்டார்.

"எங்க அக்கா பொண்ணு" என்றேன். கதவை வெளியே சாத்திவிட்டு, படிக்கட்டில் அந்தம்மா பக்கத்தில் உட்கார்ந்து நானும் அழுதேன்.